மெல்ட்சாஃபின் குழந்தை ஆய்வுகள்

ஆண்ட்ரூ மெல்ட்சாஃப் (பிறப்பு 1950) அமெரிக்க வளர்ச்சி உளவியலாளர். சியாட்டில் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர். பேச்சு வராத குழந்தை பிறரை எவ்வாறு கவனிக்கிறது, கவனித்ததிலிருந்து எதைக் கற்றுக்கொள்கிறது என்பதே 1970களிலிருந்து அவர் ஆராய்ந்துவரும் பொருள். அவருக்குப் பெயர் வாங்கித் தந்த முதல் ஆய்வு 1977இல் வெளிவந்தது. அதில் சொல்லப்பட்டது சரிதானா என்ற வழக்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் முடியவில்லை. அவ்வளவாகப் பேசப்படாத அவருடைய பிற்கால ஆய்வுகள்தாம் உறுதியான நிலத்தில் நிற்கின்றன.

பியாஜே சொன்னது

குழந்தையின் அறிவு வளர்ச்சி பற்றிய எந்தப் பேச்சும் சுவிட்சர்லாந்தின் ஜான் பியாஜேயில்தான் தொடங்கும். அவர் வகுத்த நான்கு பருவங்களை மனப்பாடம் செய்யாமல் பி.எட். தேர்வு எழுதியவர் இருக்க முடியாது. பியாஜே தம் மூன்று குழந்தைகளையும் நாள்தோறும் கவனித்துக் குறிப்பெழுதியவர். குழந்தை பிறர் செய்வதைப் பார்த்துச் செய்யும் திறன் எப்படிப் படிப்படியாக வளர்கிறது என்பதை 1945இல் வெளிவந்த நூலில் விவரித்தார்.

அவருடைய வாதம் எளியது. எதிரே இருப்பவர் கையை ஆட்டுவதைப் பார்த்துக் குழந்தையும் கையை ஆட்டுகிறது என்றால் அதில் வியப்பில்லை. அவர் கையும் கண்ணுக்குத் தெரிகிறது, தன் கையும் தெரிகிறது. இரண்டையும் ஒப்பிட்டுச் சரிசெய்துகொள்ளலாம். முகத்துக்கு அந்த வசதி இல்லை. குழந்தை தன் முகத்தைப் பார்த்ததே கிடையாது. அம்மாவின் நாக்கு கண்ணால் காணும் பொருள். தன் நாக்கோ உள்ளிருந்து உணரும் பொருள். காண்பதையும் உணர்வதையும் இணைக்கப் பல மாதப் பழக்கம் வேண்டும். ஆகவே முகச் செய்கைகளைப் பின்பற்றுவது எட்டு முதல் பன்னிரண்டு மாதங்களுக்குள்தான் வரும் என்று பியாஜே முடிவு செய்தார்.

இதற்கு மாறான குறிப்புகள் ஆங்காங்கே இருந்தன. பிரான்சின் ரெனே சாசோ, பச்சிளங்குழந்தை நாக்கு நீட்டுவதைப் பார்த்து நாக்கு நீட்டுகிறது என்று 1957இல் எழுதினார். பியாஜேயின் ஊரான ஜெனீவாவிலேயே ஓல்கா மராட்டோஸ் 1973இல் அளித்த முனைவர் பட்ட ஆய்வும் அதையே சொன்னது. ஆனால் உளவியல் உலகம் இவற்றைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

1977: நாக்கு நீட்டிய குழந்தைகள்

மெல்ட்சாஃப் ஹார்வர்டில் பட்டம் பெற்று, ஆக்ஸ்ஃபோர்டில் 1976இல் முனைவரானார். ஜெரோம் புரூனர் அப்போது ஆக்ஸ்ஃபோர்டில் இருந்தார். பிறகு சியாட்டிலில் கீத் மூர் என்பவருடன் சேர்ந்து மெல்ட்சாஃப் செய்த ஆய்வு, 1977 அக்டோபரில் ‘சயன்ஸ்’ இதழில் வெளிவந்தது.

முதல் சோதனையில் இருந்தவை ஆறே குழந்தைகள். பிறந்து 12 முதல் 17 நாட்கள் ஆனவை. அவற்றின் முன் ஒருவர் நான்கு செய்கைகளைச் செய்து காட்டினார்: உதட்டைக் குவித்து முன்தள்ளுதல், வாயைத் திறத்தல், நாக்கை நீட்டுதல், விரல்களை ஒன்றன்பின் ஒன்றாக அசைத்தல். குழந்தைகளின் செய்கைகள் ஒளிப்பதிவு செய்யப்பட்டன. குழந்தைக்கு எது காட்டப்பட்டது என்பதை அறியாத நடுவர்கள் அந்தப் பதிவுகளைப் பார்த்துக் கருத்துச் சொன்னார்கள். காட்டிய செய்கையையே குழந்தைகள் கூடுதலாகச் செய்தன என்பது முடிவு.

இங்கே ஒரு சந்தேகம் எழும். குழந்தை தற்செயலாக நாக்கு நீட்டும்போது, அதைக் கண்ட ஆராய்ச்சியாளரே தம்மை அறியாமல் அதனுடன் இசைந்து நாக்கு நீட்டியிருக்கலாமே? யார் யாரைப் பார்த்துச் செய்தார்கள் என்று எப்படிச் சொல்வது? இரண்டாவது சோதனை இதற்கான விடை. 12 குழந்தைகளின் வாயில் ரப்பர் சூப்பானை வைத்தார்கள். குழந்தை சூப்பிக்கொண்டிருக்கும்போதே செய்கை காட்டப்பட்டது. பிறகு சூப்பான் எடுக்கப்பட்டது. ஆராய்ச்சியாளர் எந்தச் சலனமும் இல்லாத முகத்துடன் உட்கார்ந்திருந்தார். வாய் விடுபட்ட பிறகு, முன்னே பார்த்த செய்கையைக் குழந்தை செய்தது. ஒரு சூப்பானைக் கொண்டு இத்தனை பெரிய கேள்வியைப் பிரித்தெடுத்த நேர்த்தியைப் பாராட்டத்தான் வேண்டும்.

இரண்டு வாரக் குழந்தைகூட இதற்குள் பழகியிருக்கலாம் என்ற ஆட்சேபத்துக்கு இருவரும் 1983இல் பதில் தந்தனர். இம்முறை 40 குழந்தைகள். எல்லாம் பிறந்து மூன்று நாளுக்கு உட்பட்டவை. மிக இளைய குழந்தை பிறந்து 42 நிமிடங்களே ஆகியிருந்தன. நேபாளத்தின் கிராமப்புறத்தில் பிறந்து ஒரு மணி நேரத்துக்குள் இருந்த குழந்தைகளிடமும் இத்தகைய செய்கையைக் கண்டதாக நாட்யா ரைஸ்லாண்ட் 1988இல் அறிவித்தார்.

மெல்ட்சாஃப் தந்த விளக்கம் பியாஜேயைத் தலைகீழாக்கியது. காண்பதும் உணர்வதும் பிறவியிலேயே ஒரு பொதுமொழியில் பதிவாகின்றன; எதிரே தெரியும் உருவம் ‘என்னைப் போன்றது’ என்பதைக் குழந்தை தொடக்கத்திலேயே அறிகிறது; பிறர் மனத்தைப் புரிந்துகொள்வதற்கு அதுவே முதல் படி என்றார் அவர். பியாஜேக்கு இது பயணத்தின் முடிவில் வரும் ஊர். மெல்ட்சாஃபுக்குப் புறப்படும் இடம்.

எழுந்த மறுப்புகள்

பாடநூல்களில் நாக்கு நீட்டும் படம் இடம்பெற்ற வேகத்திலேயே மறுப்புகளும் வந்தன. 1979இல் சாண்ட்ரா ஜேக்கப்சன், ஆறு வாரக் குழந்தையின் முகத்தை நோக்கி ஒரு பேனாவையோ பந்தையோ நகர்த்தினாலும் அது நாக்கை நீட்டுகிறது என்று காட்டினார். பேனாவுக்கு நாக்கில்லை. 1980களின் தொடக்கத்தில் வேறு குழுக்கள் அதே சோதனையைச் செய்து பார்த்தபோது அந்த முடிவு கிடைக்கவில்லை. இருக்கும் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த மோஷே அனிஸ்ஃபெல்ட், நாக்கு நீட்டுதல் ஒன்றைத் தவிர மற்ற செய்கைகளுக்குச் சான்று நிற்கவில்லை என்று 1996இல் எழுதினார்.

நாக்கு மட்டும்தான் மிஞ்சுகிறது என்றால் சிக்கல் பெரிது. சூசன் ஜோன்ஸ் அதே ஆண்டில் அந்த இடத்தைத்தான் தொட்டார். நான்கு வாரக் குழந்தைக்கு மினுங்கும் விளக்குகளைக் காட்டினாலும் நாக்கு வெளியே வருகிறது. பின்னர் 2006இல் இசையைக் கேட்கச் செய்தபோதும் அதுவே நடந்தது. கைநீட்டிப் பொருளை எடுக்கத் தெரியாத வயதில், மனத்தைக் கவரும் எதையும் குழந்தை வாயால்தான் எட்டிப் பார்க்கிறது என்பது அவர் விளக்கம். நாக்கு நீட்டும் மனித முகம் குழந்தைக்கு மிக வேடிக்கையான காட்சி. அதனால் நாக்கு நீள்கிறது. பின்பற்றல்போலத் தோன்றுவது உண்மையில் ஆர்வமே என்றார்.

அப்படியானால் பின்பற்றும் திறன் எங்கிருந்து வருகிறது? பெரியவர்கள் குழந்தையைப் பின்பற்றுவதிலிருந்து வருகிறது என்பது செசிலியா ஹேய்ஸ் முன்வைக்கும் விடை. குழந்தை ‘ங்கா’ என்றால் தாயும் ‘ங்கா’ என்கிறாள். குழந்தை வாயைப் பிளந்தால் பாட்டியும் பிளக்கிறாள். தான் உணரும் அசைவும் எதிரே காணும் அசைவும் ஆயிரம் தடவை ஒன்றாக வந்தபின், இரண்டுக்கும் முடிச்சு விழுகிறது. தொட்டிலைச் சுற்றி நிற்கும் பெரியவர்கள் செய்யும் கோமாளித்தனங்களுக்கு இதைவிடக் கௌரவமான விளக்கம் உளவியலில் கிடையாது.

நெற்றியால் விளக்கேற்றிய குழந்தைகள்

இந்தச் சண்டை நடந்துகொண்டிருக்கையில் மெல்ட்சாஃப் வளர்ந்த குழந்தைகளிடம் சென்றார். ஒரு செயலைப் பார்த்து நினைவில் வைத்துப் பின்னொரு நாள் செய்வது பதினெட்டு மாதத்துக்கு மேல்தான் வரும் என்பது பியாஜேயின் மற்றொரு கணிப்பு. 1988இல் வெளிவந்த ஆய்வில், மேசைமேல் வைத்த பெட்டியை நோக்கிக் குனிந்து நெற்றியால் அழுத்தினார் ஒருவர்; பெட்டியில் விளக்கு எரிந்தது. யாரும் வீட்டில் செய்யாத செயலாகப் பார்த்தே இது தேர்ந்தெடுக்கப்பட்டது. 14 மாதக் குழந்தைகள் பார்த்துக்கொண்டிருந்தன, பெட்டியைத் தொட விடவில்லை. ஒரு வாரம் கழித்துப் பெட்டியை முன்னே வைத்தபோது, அவற்றில் மூன்றில் இரண்டு பங்குக் குழந்தைகள் குனிந்து நெற்றியால் தொட்டன. செய்கையைப் பார்க்காத குழந்தைகளில் ஒன்றுகூட அப்படிச் செய்யவில்லை. எளிய செயல்களை ஒன்பது மாதக் குழந்தைகளே மறுநாள் வரை நினைவில் வைத்திருந்தன.

இந்தப் பெட்டி பிறகு புடாபெஸ்ட்டுக்குப் போனது. 2002இல் கியோர்கி கெர்கெலியும் உடன் பணியாற்றியவர்களும் சிறு மாற்றம் செய்தனர். செய்து காட்டுபவர் குளிருக்குப் போர்வையைச் சுற்றி இரு கைகளாலும் பிடித்திருந்தார். ஆகவே நெற்றியால் அழுத்தினார். அப்போது 21 விழுக்காட்டுக் குழந்தைகளே நெற்றியைப் பயன்படுத்தின. கைகள் சும்மா இருந்தும் அவர் நெற்றியால் அழுத்தியபோது 69 விழுக்காட்டுக் குழந்தைகள் நெற்றியைப் பயன்படுத்தின. கை இருந்தும் தலையால் செய்கிறார் என்றால் அதற்கு ஏதோ காரணம் இருக்கும் என்று குழந்தை கணக்குப் போடுகிறது என்பது அவர்கள் கொண்ட பொருள். இதையும் மார்க்குஸ் பவுலஸ் போன்றோர் மறுத்தனர். ஆனால் ஓராண்டு கடந்த குழந்தை பார்த்ததைச் சில நாட்கள் மனத்தில் வைத்துச் செய்யும் என்பது பல ஆய்வகங்களில் திரும்பத் திரும்பக் கிடைத்த முடிவு.

1995ஆம் ஆண்டு ஆய்வில் 18 மாதக் குழந்தைகளுக்குத் தோல்வியைக் காட்டினார் மெல்ட்சாஃப். இருபுறமும் மரக்கட்டை உள்ள சிறிய கர்லாக்கட்டை போன்ற பொம்மையைப் பெரியவர் பிரிக்க முயல்கிறார், கை வழுக்குகிறது, பொம்மை பிரியவில்லை. வெற்றியைக் குழந்தை ஒருமுறையும் காணவில்லை. ஆனாலும் பொம்மையைக் கொடுத்தவுடன் குழந்தை அதை இரண்டாகப் பிரித்தது. வழுக்கிய கையைக் காப்பியடிக்கவில்லை. செய்ய நினைத்ததைச் செய்தது. அதே அசைவை ஓர் இயந்திரம் செய்து காட்டியபோது பிரித்த குழந்தைகள் மிகக் குறைவு. இயந்திரத்துக்கு எண்ணம் இருக்கும் என்று அவை கருதவில்லை.

கண் போகும் திசை

கவனம் பற்றிய ஆய்வுக்கும் ஆக்ஸ்ஃபோர்டு ஒரு தொடக்கம். அங்கே மைக்கேல் ஸ்கைஃபும் புரூனரும் 1975இல் வெளியிட்ட சிறிய கட்டுரை, பெரியவர் தலையைத் திருப்பினால் குழந்தையும் அந்தத் திசையில் பார்க்கிறதா என்று கேட்டது. இரண்டு முதல் நான்கு மாதக் குழந்தைகளில் 30 விழுக்காடு பார்த்தன. 11 முதல் 14 மாதத்தில் எல்லாக் குழந்தைகளும் பார்த்தன. இருவர் ஒரே பொருளில் கவனம் வைக்கும் இந்தக் கூட்டுக் கவனம் இல்லாவிட்டால் ‘அதோ நிலா’ என்ற சொல்லுக்குப் பொருளே இல்லை. எதைச் சொல்கிறார்கள் என்று குழந்தைக்கு எப்படித் தெரியும்?

ஆனால் குழந்தை தொடர்வது கண்ணையா, தலையையா? மெல்ட்சாஃப் ரெச்செல் புரூக்ஸுடன் சேர்ந்து 2002இலும் 2005இலும் வெளியிட்ட ஆய்வுகளில், பெரியவர் ஒருமுறை கண்ணைத் திறந்தும் ஒருமுறை மூடியும் தலையைத் திருப்பினார். ஒன்பது மாதக் குழந்தைக்கு இரண்டும் ஒன்றே. தலை திரும்பினால் அதுவும் திரும்பியது. பத்து, பதினொரு மாதக் குழந்தைகள் கண் திறந்திருந்தபோது மட்டும் கூடுதலாகத் திரும்பின. ஒரு மாத இடைவெளியில் கண் என்பது பார்க்கும் கருவியாகிவிடுகிறது. அந்த வயதில் இப்படித் தொடர்ந்து பார்த்த குழந்தைகள் இரண்டு வயது வரையிலான சொல்வளத்திலும் வேகமாக முன்னேறின என்று 2008இல் கண்டறிந்தனர்.

கண்கட்டு ஆய்வுதான் இவற்றுள் சிறந்தது எனலாம். கண்ணை மூடினால் தெரியாது என்பதை அறிந்த 12 மாதக் குழந்தை, துணியால் கண்ணைக் கட்டிக்கொண்டவர் தலையைத் திருப்பினால் மட்டும் ஏமாந்து தானும் திரும்பிப் பார்த்தது. இமையை மூடுவது அதற்குச் சொந்த அனுபவம், துணிக்கட்டு அப்படியன்று. 2008இல் மெல்ட்சாஃபும் புரூக்ஸும் அந்த அனுபவத்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு பொம்மையைக் குழந்தை பார்த்துக்கொண்டிருக்கும்போது கறுப்புத் துணியால் அதன் பார்வையை மறைத்து மறைத்து விலக்கினர். அதன்பின் கண்ணைக் கட்டியவர் தலையைத் திருப்பியபோது குழந்தை திரும்பவில்லை. தனக்குத் தெரியாதது அவருக்கும் தெரியாது என்று கொண்டது.

அடுத்தது இன்னும் நுட்பமானது. 18 மாதக் குழந்தைகளுக்கு ஒரு தந்திரத் துணி தரப்பட்டது. வெளியிலிருந்து பார்த்தால் கறுப்பு. கண்ணோடு வைத்தால் ஊடே எல்லாம் தெரியும். இதை அணிந்து பழகிய குழந்தைகள், கண் கட்டியவர் திரும்பியபோது தாங்களும் திரும்பிப் பார்த்தன. அவருக்குத் தெரியும் என்று அவற்றுக்குத் தோன்றியது. ‘என்னைப் போன்றவர்’ என்ற கருத்துக்கு, நாக்கு நீட்டும் படத்தைவிட இந்தத் துணித்துண்டு வலுவான சாட்சி. பிறந்த குழந்தை பற்றிய கூற்று நாளை முழுவதும் தள்ளுபடியானாலும் இந்த முடிவு அதனுடன் விழாது. தன் அனுபவத்தைக் கொண்டு பிறரை அறிதல் கற்றுக்கொள்ளப்படுவது என்பதையே இது காட்டுகிறது. அந்த வகையில் இது ஹேய்ஸின் பக்கத்துக்கும் கொஞ்சம் உதவுகிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

2010இல் பெரியவருக்குப் பதில் ஓர் இயந்திர மனிதன் தலையைத் திருப்பியது. அது பெரியவர் ஒருவருடன் விளையாட்டாக உறவாடுவதை முன்பே பார்த்திருந்த 18 மாதக் குழந்தைகள் அதன் பார்வையைத் தொடர்ந்தன. அப்படிப் பார்க்காதவை பெரும்பாலும் தொடரவில்லை. இந்த ஆய்வில் பங்கேற்ற கணினி அறிஞர் ராஜேஷ் ராவ், தமிழ் வாசகர்களுக்கு வேறு வகையில் தெரிந்தவர். 2009இல் ஐராவதம் மகாதேவன் முதலியோருடன் சேர்ந்து, சிந்துவெளிக் குறியீடுகள் மொழிக்குரிய ஒழுங்குடையவை என்று ‘சயன்ஸ்’ இதழில் எழுதியவர் அவரே.

திரையும் குழந்தையும்

மெல்ட்சாஃபின் பெயர் செய்தித்தாள்களில் அதிகம் அடிபட்டது 2007இல். ஃபிரெடரிக் சிம்மர்மன், டிமிட்ரி கிறிஸ்டாக்கிஸ் ஆகியோருடன் அவர் வெளியிட்ட தொலைபேசிக் கணக்கெடுப்பு ஆயிரத்துச் சொச்சம் பெற்றோரிடம் எடுக்கப்பட்டது. 8 முதல் 16 மாதக் குழந்தைகளில், கைக்குழந்தைகளுக்கென்றே விற்கப்பட்ட காணொளிகளைக் கூடுதலாகப் பார்த்தவை குறைந்த சொற்களையே அறிந்திருந்தன என்றது அது. 17 மாதத்துக்கு மேல் அத்தகைய தொடர்பு தெரியவில்லை. அப்போது ‘பேபி ஐன்ஸ்டைன்’ காணொளிகளை விற்றுவந்த டிஸ்னி நிறுவனம், பல்கலைக்கழகம் வெளியிட்ட செய்திக்குறிப்பைத் திரும்பப் பெறக் கோரியது, பல்கலைக்கழகம் மறுத்தது. 2009இல் டிஸ்னி, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது.

கதை அத்துடன் நிற்கவில்லை. ஆய்வின் மூலத் தரவுகளைக் கேட்டு வழக்குத் தொடரப்பட்டு, அவை வெளிவந்தன. அவற்றை 2014இல் மறுபடி ஆராய்ந்த கிறிஸ்டோபர் ஃபெர்குசனும் பிரெண்ட் டோனலனும், கணக்கிடும் முறையை மாற்றினால் முடிவும் மாறுகிறது, ஆகவே அத்தொடர்பை உறுதியானதாகக் கொள்ள முடியாது என்றனர். மெல்ட்சாஃபின் மனைவியும் மொழி ஆய்வாளருமான பட்ரிசியா கூல் 2003இல் செய்த சோதனை இதைவிடத் தெளிவானது. ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளிடம் 12 அமர்வுகளில் நேரில் சீனமொழி பேசி விளையாடியபோது, அம்மொழியின் ஒலி வேறுபாட்டை அவை பிடித்துக்கொண்டன. அதே பேச்சைத் திரையில் காட்டியபோது ஒன்றும் ஏறவில்லை. கைப்பேசியைக் காட்டிச் சோறூட்டும் காலத்தில் இந்த இரண்டு ஆய்வுகளின் எடை வேறுபாட்டைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

மீண்டும் நாக்கு

2016இல் பழைய வழக்கு மறுபடி திறந்தது. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் ஜேனின் ஊஸ்டன்புரோக், வர்ஜீனியா ஸ்லாட்டர் முதலியோர் 106 குழந்தைகளை 1, 3, 6, 9 வார வயதுகளில் திரும்பத் திரும்பச் சோதித்தனர். காட்டியவை 11 வகை. ஒரு செய்கையைக் காட்டும்போது குழந்தை அதைச் செய்த அளவுக்கே, வேறு செய்கைகளைக் காட்டும்போதும் செய்தது. பின்பற்றலுக்குச் சான்றில்லை என்றனர்.

மெல்ட்சாஃபும் பல நாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து எழுதிய மறுப்பு, அந்தச் சோதனை முறையில் பதினொரு குறைகளைப் பட்டியலிட்டது. அதே தரவைத் தாங்கள் கணக்கிட்டபோது நாக்கு நீட்டுதலில் பின்பற்றல் தெரிகிறது என்றும் சொன்னது. ஆஸ்திரேலியக் குழு அதற்கும் பதில் எழுதியது.

2021இல் ஜாக்குலின் டேவிஸ் உள்ளிட்டோர், அதுவரை வந்த ஆய்வுகளின் எண்களையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிட்டனர். மொத்தத்தில் பார்த்தால் பின்பற்றல் இருப்பதாகவே எண்கள் காட்டின. ஆனால் ஆய்வுக்கு ஆய்வு முடிவுகள் பெரிதும் வேறுபட்டன. குழந்தையின் வயது, சோதனை முறை என்று 13 காரணங்களைப் பொருத்திப் பார்த்தும் அந்த வேறுபாடு விளங்கவில்லை. ஆய்வைச் செய்த குழு எது என்பதோடு மட்டும் அது பொருந்தியது. இதற்கு இரண்டு விளக்கங்களை அவர்கள் முன்வைத்தனர்: சில ஆய்வகங்கள் தங்களை அறியாமல் சரியாகச் செய்யும் ஏதோ ஒன்று இருக்கிறது, அதனால் அங்கே மட்டும் குழந்தைகள் பின்பற்றுகின்றன, அல்லது பின்பற்றல் என்பதே இல்லை, ஆய்வாளர்கள் கணக்கிடுவதில் எடுத்துக்கொண்ட சுதந்திரம் அதை இருப்பதாகக் காட்டுகிறது. இரண்டில் எது என்பதை அந்த எண்களைக் கொண்டு சொல்ல முடியாது என்று எழுதியவர்களில் ஊஸ்டன்புரோக்கும் ஸ்லாட்டரும் அடக்கம்.